சனிக்கிழமை ஆட்டம்: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் அப்படி என்ன இருக்கிறது?

மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில் வசிப்பவர்கள் சுமார் 1,24,000 பேர். அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் ஸ்டேடியத்தில் இருக்கைகள் 1,07,601. சொந்த ஊரில் ஆட்டம் இருக்கும் சனிக்கிழமைகளில் அது நிரம்பிவிடும். மாணவர்கள் வருவார்கள், நாற்பது வருஷத்துக்கு முன்னால் அங்கே படித்து முடித்துப் போனவர்கள் பேரப்பிள்ளைகளோடு வருவார்கள், அந்தப் பல்கலைக்கழகத்தின் வாசலைக்கூட மிதிக்காத அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் வருவார்கள். ஒஹாயோ, பென்சில்வேனியா, டென்னசி, லூசியானா, அலபாமா, டெக்சாஸ் மாநிலங்களிலும் லட்சம் பேர் உட்காரும் ஸ்டேடியங்கள் உண்டு. எல்லாமே பல்கலைக்கழகங்களுடையவை. கோடிக்கணக்கில் பணம் புரளும் தொழில்முறை லீகான என்.எஃப்.எல். அணிகளின் ஸ்டேடியம் ஒன்றில்கூட வழக்கமான இருக்கைக் கணக்கு ஒரு லட்சத்தைத் தொடுவதில்லை.

எம்.எஸ். படிக்க அமெரிக்கா போன நம் பிள்ளைகள் முதல் செமஸ்டரிலேயே வீட்டுக்கு ஃபோன் பண்ணிச் சொல்வது இதைத்தான்: சனிக்கிழமை ஆனால் ரோடெல்லாம் அடைத்துக்கொள்கிறது, ஊரே ஒரே நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு திரிகிறது, காலை எட்டு மணிக்கே பார்க்கிங்கில் அடுப்பு மூட்டிவிடுகிறார்கள். பத்தொன்பது இருபது வயசுப் பையன்கள் ஆடும் ஆட்டத்துக்கா இத்தனை அமர்க்களம் என்று கேட்கத் தோன்றும்.

ஆட்டத்தின் நேர்த்தியை மட்டும் பார்த்தால் என்.எஃப்.எல்.தான் உயர்ந்தது. அங்கே ஆடுபவர்கள் கல்லூரிகளிலிருந்து பொறுக்கி எடுக்கப்பட்ட சுமார் 1,700 பேர். கல்லூரி ஆட்டத்தைப் பிடித்துப்போகக் காரணம் வேறு. இங்கே ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு கனம் இருக்கிறது. வேறெந்த அமெரிக்க விளையாட்டிலும் ஒரு சாதாரண வாரத்து ஆட்டம் இவ்வளவு கனமாக இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கனம் எங்கிருந்து வருகிறது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஆட்டத்தையே தெரியாதவர்களுக்கு, அவசியமான அளவு மட்டும். இது நாம் ஆடும் கால்பந்து கிடையாது. நீள்வட்டப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம். பக்கத்துக்கு 11 பேர். மைதானம் 100 கெஜம் நீளம், இரு முனைகளிலும் தலா 10 கெஜத்துக்கு எண்ட் ஸோன். பந்தை வைத்திருக்கும் அணி எதிரணியின் எண்ட் ஸோனுக்குள் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சேர்த்தால் டச்டவுன், 6 புள்ளி. அதற்குப் பிறகு, எண்ட் ஸோனின் பின்கோட்டில் நிற்கும் இரண்டு கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்தால் இன்னொரு புள்ளி. உதைக்காமல், மூன்று கெஜ தூரத்திலிருந்து மறுபடி எண்ட் ஸோனுக்குள் நுழைந்து காட்டினால் 2 புள்ளி.

நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும் என்பதுதான் ஆட்டத்தின் உயிர்நாடி. ஒவ்வொரு முயற்சிக்கும் டவுன் என்று பெயர். 10 கெஜம் கடந்துவிட்டால் கணக்கு அழிந்து புதிதாக நான்கு டவுன் கிடைக்கும். மூன்று டவுன் முடிந்தும் தூரம் பாக்கி இருந்தால் கோச் முடிவெடுக்க வேண்டும்: துணிந்து நான்காவதையும் ஆடுவதா, பந்தைத் தூரத்துக்கு உதைத்து எதிரணியிடம் ஒப்படைப்பதா, கம்பம் கிட்டத்தில் இருந்தால் உதைத்து 3 புள்ளி எடுத்துக்கொள்வதா. அந்த 3 புள்ளி உதைக்கு ஃபீல்ட் கோல் என்று பெயர். கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்கு இதன் தாளம் சீக்கிரமே பிடிபடும். ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் ஃபீல்டிங்கை மாற்றி நிறுத்தி, இவன் என்ன போடுவான், அவன் எப்படி அடிப்பான் என்று யோசிக்க நமக்கு அவகாசம் கிடைக்கிறதல்லவா, அதேபோல இங்கேயும் ஒவ்வொரு டவுனுக்கும் முன்னால் ஒரு சின்ன இடைவெளி உண்டு. பார்ப்பவர் ஊகிக்கவும் கவலைப்படவும் அந்த இடைவெளி போதும்.

தாக்கும் அணியின் மூளை குவார்ட்டர்பேக். பந்து முதலில் அவன் கைக்குத்தான் வரும். எறிவதா, ஓடுபவனிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று இரண்டு மூன்று நொடிக்குள் தீர்மானிக்க வேண்டும், அதுவும் 130 கிலோ ஆட்கள் தன்னை வீழ்த்த ஓடிவரும்போது. 15 நிமிஷக் கால்பகுதிகள் நான்கு. கடிகாரம் அடிக்கடி நிற்பதால் ஒரு ஆட்டம் முடிய மூன்றரை மணி நேரம்வரை ஆகும். இவ்வளவு தெரிந்தால் போதும், மற்ற விதிகள் பார்க்கப் பார்க்கப் புரிந்துவிடும்.

இனி கனத்துக்கு வருவோம். அலபாமாவில் என்.எஃப்.எல். அணி கிடையாது. நெப்ராஸ்கா, ஐயோவா, ஒக்லஹோமா, ஆர்கன்சா, மிஸ்ஸிஸிப்பி மாநிலங்களிலும் கிடையாது. தொழில்முறை அணிகள் பெருநகரங்களைத் தேடிப் போனபோது, இந்த மாநிலங்களுக்குத் தங்களுடையது என்று சொல்லிக்கொள்ளப் பல்கலைக்கழக அணிதான் இருந்தது. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் ஸ்டேடியம் 1962 நவம்பரிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் டிக்கெட் முழுவதும் விற்றுத் தீர்ந்துகொண்டிருக்கிறது. இடையில் அந்த அணி பல வருஷம் மோசமாக ஆடியிருக்கிறது, அப்போதும் கூட்டம் வந்தது. ஆட்டம் நடக்கும் நாளில் அந்த ஸ்டேடியம்தான் மாநிலத்தின் மூன்றாவது பெரிய நகரம் என்று நெப்ராஸ்காக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள்.

தொழில்முறை அணியின் முதலாளி லாபம் போதவில்லை என்றால் அணியை இன்னொரு நகரத்துக்குக் கொண்டுபோய்விடலாம். அமெரிக்காவில் அது பலமுறை நடந்திருக்கிறது. பல்கலைக்கழகத்தை யாரும் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. தாத்தா உட்கார்ந்த அதே வரிசையில் பேத்தி உட்கார்கிறாள். ஒரே ஊரில், ஒரே நிறத்தில், நூறு வருஷத்துக்கு மேலாக இந்த ஆட்டம் தொடர்கிறது. முதல் ஆட்டம் நடந்தது 1869 நவம்பர் 6 அன்று, நியூ ஜெர்சியில். ரட்கர்ஸ் 6, பிரின்ஸ்டன் 4. அன்று ஆடிய ஆட்டம் இன்றைய ஆட்டத்தைவிட சாக்கருக்குத்தான் நெருக்கம், ஆனாலும் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அடுத்தது ஆட்டங்களின் எண்ணிக்கை. ஒரு அணிக்கு வழக்கமான சீஸனில் 12 ஆட்டம்தான். ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி நவம்பர் கடைசியில் முடிந்துவிடும். பேஸ்பால் அணி ஒரு சீஸனில் 162 ஆட்டம் ஆடுகிறது. ஒன்றில் தோற்றால் மறுநாள் இன்னொன்று. கல்லூரி ஃபுட்பாலில் ஒரு தோல்வி என்றால் ஒரு வாரம் முழுக்க அந்த ஊர் வாயைத் திறக்காது. இரண்டு தோல்வி என்றால் பட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான் என்ற நிலை பல பத்தாண்டுகள் இருந்தது. ஏனென்றால் 1998க்கு முன்னால் முதல் இரண்டு அணிகளை நேருக்கு நேர் மோதவிட உறுதியான ஏற்பாடே கிடையாது. 1936 முதல் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் விளையாட்டு நிருபர்களிடம் வாராவாரம் வாக்கெடுத்து வரிசைப் பட்டியல் வெளியிட்டது. கோச்சுகளின் வாக்கெடுப்பு தனியாக நடந்தது. இரண்டும் வேறுவேறு அணிகளை முதலிடத்தில் வைத்தால் அந்த வருஷம் இரண்டு சாம்பியன்! நாட்டின் பெரிய விளையாட்டுகளில் ஒன்றுக்கு இப்படியொரு ஏற்பாடா என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். ரசிகர்களுக்கோ வருஷம் முழுக்கச் சண்டை போட இதைவிட நல்ல விஷயம் கிடைக்காது.

2014 சீஸனில் நான்கு அணிகள் மோதும் பிளேஆஃப் வந்தது. 2024 சீஸனிலிருந்து பன்னிரண்டு அணிகள். இப்போது இரண்டு ஆட்டம் தோற்றாலும் நம்பிக்கை மிஞ்சுகிறது. கனம் கொஞ்சம் குறைந்துவிட்டது என்று வருந்துபவர்கள் உண்டு, அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் முன்பு அக்டோபரிலேயே சீஸன் முடிந்துபோன ஊர்களுக்கு இப்போது நவம்பர் கடைசிவரை ஆசை தொடர்கிறது. எனக்கு இந்த மாற்றம் பிடித்திருக்கிறது.

கனம் என்றால் என்ன என்று காட்ட ஒரே ஒரு நொடியைப் பற்றிச் சொன்னால் போதும். 2013 நவம்பர் 30. அலபாமா மாநிலத்தின் ஆபர்ன் நகரம். அலபாமா பல்கலைக்கழகமும் ஆபர்ன் பல்கலைக்கழகமும் மோதும் ஆட்டத்துக்கு அயர்ன் பௌல் என்று பெயர். ஒரே மாநிலத்தின் இரண்டு பெரிய பல்கலைக்கழகங்கள். 1907க்குப் பிறகு ஏற்பட்ட மனஸ்தாபத்தில் 41 வருஷம் ஒருவரோடு ஒருவர் ஆடவே இல்லை. 1948இல்தான் மறுபடி ஆரம்பித்தார்கள். அந்த மாநிலத்தில் பிறக்கும் குழந்தை எந்தப் பக்கம் என்று குடும்பம் முன்கூட்டியே தீர்மானித்திருக்கும். ஒரே வீட்டில் கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம் இருந்தால் அது அந்தத் தெருவுக்கே தெரிந்த செய்தி.

அந்த நாளில் அலபாமா நாட்டின் நம்பர் ஒன். அந்த சீஸனில் தோல்வியே இல்லை. முந்தைய இரண்டு சீஸன்களின் சாம்பியனும் அவர்கள்தான். நிக் சேபன் என்ற கோச் அந்த அணியைக் கிட்டத்தட்ட வெல்லவே முடியாத அணியாக மாற்றி வைத்திருந்தார். ஆபர்ன் முந்தைய வருஷம் 12 ஆட்டத்தில் 3 மட்டுமே ஜெயித்த அணி. புது கோச் வந்து, எல்லாம் தலைகீழாகி, 10 வெற்றி ஒரு தோல்வி என்று நான்காம் இடத்துக்கு ஏறியிருந்தது.

நான்காம் கால்பகுதியில் அலபாமா 28, ஆபர்ன் 21. ஆட்டம் முடிய 32 நொடி இருக்கும்போது ஆபர்னின் குவார்ட்டர்பேக் நிக் மார்ஷல் ஓடப்போவதுபோல் போக்குக் காட்டினான். அலபாமாவின் காவல்காரர்கள் அவனை நோக்கி முன்னே வந்த அந்தக் கணத்தில், தனியாக நின்ற சேமி கோட்ஸிடம் பந்தை எறிந்தான். டச்டவுன், 28–28. அடுத்து பந்து அலபாமா கையில். அவர்களில் ஒருவன் பந்தோடு ஓடி ஆபர்னின் 38 கெஜக் கோட்டுக்கருகே மைதானத்தை விட்டு வெளியே கால் வைத்தான். கடிகாரம் பூஜ்யத்தைக் காட்டியது. எல்லாரும் கூடுதல் நேரத்துக்குத் தயாரானார்கள்.

நிக் சேபன் ஒப்புக்கொள்ளவில்லை. அவன் கால் வெளியே பட்டபோது ஒரு நொடி பாக்கி இருந்தது என்று வாதாடினார். நடுவர்கள் ரீப்ளே பார்த்தார்கள். அவர் சொன்னது சரி. ஒரே ஒரு நொடியைக் கடிகாரத்தில் திருப்பிப் போட்டார்கள்.

ஒரு நொடியில் என்ன செய்ய முடியும்? 57 கெஜ தூரத்திலிருந்து ஃபீல்ட் கோல் உதைத்துப் பார்க்கலாம். அலபாமாவின் வழக்கமான உதைப்பவர் அன்று எடுத்த மூன்று முயற்சிகளும் வீணாகியிருந்தன. அதனால் ஆடம் கிரிஃபித் என்ற இளம் வீரரை அனுப்பினார்கள். போனால் வெற்றி, போகாவிட்டால் கூடுதல் நேரம், நஷ்டமில்லை என்று கணக்கு. இங்கேதான் பலருக்கும் நினைவில் இல்லாத ஒரு விதி குறுக்கே வந்தது: உதைத்த பந்து கம்பத்தை எட்டாமல் மைதானத்துக்குள்ளேயே இறங்கினால், எதிரணி அதைப் பிடித்துக்கொண்டு ஓடலாம்.

ஆபர்ன் டைம்அவுட் கேட்டு, கிறிஸ் டேவிஸ் என்ற வீரரைத் தங்கள் கம்பத்துக்குக் கீழே, எண்ட் ஸோனின் பின்கோட்டை ஒட்டி நிறுத்தியது. பந்து கொஞ்சம் குறைவாகத்தான் வந்தது. டேவிஸ் அதைப் பிடித்தார். ஃபீல்ட் கோல் உதைக்கும்போது களத்தில் இருப்பவர்கள் உதைப்பவனைச் சுற்றி அரணாக நிற்கும் பெரிய உடம்புக்காரர்கள். விரட்டிப் பிடிக்கும் வேகம் அவர்களிடம் கிடையாது. டேவிஸ் நடுவே ஓடத் தொடங்கி, இடது பக்கம் சாய்ந்து, எல்லைக் கோட்டை மிதித்துவிடுவாரோ என்று பயப்படும் அளவுக்கு அதை ஒட்டியே ஓடினார். சுமார் 109 கெஜம். எண்ட் ஸோனை அடைந்தபோது கடிகாரத்தில் எதுவும் மிச்சமில்லை. ஆபர்ன் 34, அலபாமா 28.

கூட்டம் மைதானத்துக்குள் வெள்ளமாக இறங்கியது. மூன்றாவது தொடர் பட்டம் என்ற அலபாமாவின் கனவு, தாங்களே கேட்டு வாங்கிய அந்த ஒரு நொடியில் போய்விட்டது. அந்த மாநிலத்தில் இன்றைக்கும் யாரைக் கேட்டாலும் அந்த நேரத்தில் தான் எங்கே இருந்தேன் என்று சொல்வார்கள். அந்தக் காணொளியைத் தேடிப் பாருங்கள். விதி தெரியாமல் பார்த்தால் ஒருவன் ஓடுகிறான் என்றுதான் தெரியும். மேலே சொன்ன கதையை மனசில் வைத்துக்கொண்டு பார்த்தால் உடம்பு சிலிர்க்கும். கல்லூரி ஃபுட்பாலில் பின்கதை தெரிந்தவருக்குத்தான் முழு ருசியும் கிடைக்கும்.

பின்கதை என்றால் பெரும்பாலும் பகை. ஒஹாயோ ஸ்டேட்டும் மிச்சிகனும் 1897 முதல் மோதுகின்றன. அந்த ஆட்டத்தைத் தனிப்பெயர் இல்லாமல் ‘தி கேம்’ என்றே குறிப்பிடுவார்கள். அந்த வாரம் வந்துவிட்டால் ஒஹாயோ ஸ்டேட் வளாகத்துப் பெயர்ப் பலகைகளில் உள்ள எம் என்ற எழுத்தின்மேல் சிவப்பு டேப்பைக் குறுக்காக ஒட்டிவிடுவார்கள். 2024 நவம்பர் 30 அன்று, தரவரிசையில் இரண்டாம் இடத்தில் இருந்த ஒஹாயோ ஸ்டேட் சொந்த மண்ணிலேயே, பட்டியலில் இடமே இல்லாத மிச்சிகனிடம் 13–10 என்று தோற்றது. தொடர்ச்சியாக நான்காவது தோல்வி. கோச்சை மாற்று என்று ரசிகர்கள் கொந்தளித்தார்கள். அதே அணி பன்னிரண்டு அணி பிளேஆஃபில் அடுத்தடுத்து நான்கு ஆட்டங்களை ஜெயித்து, 2025 ஜனவரியில் நோட்ர டேமை 34–23 என்று வீழ்த்தி நாட்டின் சாம்பியன் ஆனது. சாம்பியன் ஆன பிறகும் மிச்சிகனிடம் தோற்றது ஆறவில்லை என்று சொன்ன ரசிகர்கள் இருந்தார்கள். வேறு விளையாட்டில் இப்படி ஒரு மனநிலையைக் காண்பது கடினம்.

எல்லாப் பகையும் இவ்வளவு கசப்பானது கிடையாது. மின்னசோட்டாவும் ஐயோவாவும் ஒவ்வொரு வருஷமும் ஒரு வெண்கலப் பன்றிச் சிலைக்காக மோதுகின்றன. 1935இல் இரு மாநில ஆளுநர்களும் உயிருள்ள ஒரு பன்றியைப் பந்தயம் வைத்ததிலிருந்து வந்த வழக்கம் அது. மின்னசோட்டாவுக்கும் விஸ்கான்சினுக்கும் நடுவே ஒரு கோடரி. மிச்சிகனுக்கும் மின்னசோட்டாவுக்கும் நடுவே ஒரு தண்ணீர்ச் சாடி. ஜெயித்த பையன்கள் மைதானத்தின் குறுக்கே ஓடிப்போய் அந்தக் கோடரியைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் வருவதைப் பார்த்தால், இரண்டு அணிகளுமே அந்த வருஷம் ஒன்றுக்கும் ஆகாத அணிகளாக இருந்தாலும், அவர்கள் சந்தோஷம் நம்மையும் தொற்றிக்கொள்ளும். ராணுவ அகாடமியும் கடற்படை அகாடமியும் மோதும் ஆட்டம் 1890இல் தொடங்கியது. அதில் ஆடுபவர்களில் பெரும்பாலோர் படிப்பு முடிந்ததும் அதிகாரிகளாகப் பணிக்குப் போகிறவர்கள். ஆட்டம் முடிந்ததும் இரு அணியும் சேர்ந்து நின்று முதலில் தோற்ற அணியின் கல்லூரிப் பாடலையும் பிறகு ஜெயித்த அணியின் பாடலையும் பாடும்.

ஆடுபவர்கள் இளைஞர்கள் என்பதும் ஆட்டத்தை மாற்றிவிடுகிறது. பந்து நழுவும், காவல்காரன் ஏமாறுவான், 21 புள்ளி முன்னிலை பத்து நிமிஷத்தில் கரையும். அணிகளுக்கு இடையே உள்ள ஏற்றத்தாழ்வும் பெரிது. அதனால்தான் சின்ன அணி ஜெயிக்கும்போது பூகம்பம்போல் இருக்கும். 2007 செப்டம்பர் 1 அன்று நாட்டின் ஐந்தாம் இடத்தில் இருந்த மிச்சிகன், சீஸனைச் சுலபமாகத் தொடங்கலாம் என்று அப்பலாச்சியன் ஸ்டேட் என்ற கீழ்ப்பிரிவு அணியை ஆன் ஆர்பருக்கு அழைத்தது. வட கரோலினா மலையூர் ஒன்றிலிருந்து வந்த அந்த அணி, மிச்சிகனின் கடைசி நேர ஃபீல்ட் கோலைக் கையால் தடுத்து 34–32 என்று ஜெயித்துவிட்டுப் போனது. லட்சம் பேர் உறைந்து நின்றார்கள்.

உத்திகளிலும் இங்கே பல வகை பார்க்கலாம். என்.எஃப்.எல். அணிகள் பெரும்பாலும் ஒரே மாதிரி ஆடும். கல்லூரியில் ஒரு அணி ஆட்டத்துக்கு ஐம்பது தடவை பந்தை எறியும். ராணுவ அகாடமிபோல இன்னொரு அணி எறிவதையே ஏறக்குறைய விட்டுவிட்டு, மூன்று பேரில் யார் கையில் பந்து போகிறது என்று கடைசிவரை மறைத்து ஓடியே ஜெயிக்கப் பார்க்கும். ஆள்பலம் குறைந்த அணி தந்திரத்தால் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது, அதிலிருந்து புதுசு புதுசாக உத்திகள் பிறக்கின்றன. கூடுதல் நேர விதியும் தனி. கடிகாரம் கிடையாது. இரு அணிக்கும் 25 கெஜக் கோட்டிலிருந்து ஆளுக்கொரு வாய்ப்பு, சமமானால் மறுபடியும். மூன்றாவது சுற்றிலிருந்து இரண்டு புள்ளி முயற்சி மட்டும், மாற்றி மாற்றி. 2021இல் இல்லினாய், பென் ஸ்டேட் அணிகள் இப்படி ஒன்பது சுற்று போய், இல்லினாய் 20–18 என்று ஜெயித்தது.

ஸ்டேடியத்துக்குள் நடப்பதைத் தொலைக்காட்சி முழுசாகக் காட்டுவதில்லை. ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் நூற்றுக்கணக்கான மாணவர்கள் கொண்ட மார்ச்சிங் பேண்ட் இருக்கிறது. ஒஹாயோ ஸ்டேட் பேண்ட் வரிசையாக நடந்தே மாநிலத்தின் பெயரை எழுதும். கடைசியில் சூசஃபோன் என்ற பெரிய ஊதுகுழல் வாசிக்கும் ஒருவர் தனியாக நடந்துவந்து ‘ஐ’ எழுத்துக்குப் புள்ளி வைத்துக் குனிந்து வணங்குவார், அந்தப் புள்ளிக்கு ஸ்டேடியமே எழுந்து நிற்கும். கறுப்பினத்தவருக்காகத் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகங்களின் ஆட்டங்களில் இடைவேளைதான் உச்சம். நியூ ஆர்லியன்ஸில் கிராம்பளிங்கும் சதர்னும் மோதும் நாளில் பேண்ட் மோதலைப் பார்க்கவே ஏராளமானோர் வருகிறார்கள். இடைவேளையில் தின்பண்டம் வாங்க யாரும் எழுந்து போவதில்லை.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஐயோவா சிட்டியில் நடப்பது. அங்கே ஸ்டேடியத்தை ஒட்டியே பல்கலைக்கழகத்தின் குழந்தைகள் மருத்துவமனை எழும்பி நிற்கிறது. மேல்தளத்து ஜன்னல்களிலிருந்து மைதானம் தெரியும். 2017இல் ஒரு வழக்கம் ஆரம்பமானது. முதல் கால்பகுதி முடிந்ததும் சுமார் 70,000 பேரும் மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, அந்த ஜன்னல்களை நோக்கிக் கை அசைப்பார்கள். எதிரணி வீரர்கள் அசைப்பார்கள், நடுவர்களும் அசைப்பார்கள். மேலே சிகிச்சையில் இருக்கும் குழந்தைகள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பதிலுக்குக் கை காட்டும். ராத்திரி ஆட்டமென்றால் கீழிருந்து ஃபோன் வெளிச்சங்கள்.

இன்னொரு பக்கம், 2022 அக்டோபரில் டென்னசியின் நாக்ஸ்வில் நகரம். 15 வருஷம் தொடர்ந்து அலபாமாவிடம் தோற்ற டென்னசி, கடைசி நொடியில் ஒரு ஃபீல்ட் கோல் உதைத்து 52–49 என்று ஜெயித்தது. கூட்டம் இறங்கிக் கம்பங்களைப் பிடுங்கித் தோளில் சுமந்து, ஊர்வலமாகக் கொண்டுபோய் டென்னசி ஆற்றில் போட்டது. டென்னசி ஆடும் கல்லூரி லீக் ஒரு லட்சம் டாலர் அபராதம் விதித்தது. புதுக் கம்பம் வாங்கப் பல்கலைக்கழகம் ரசிகர்களிடமே நன்கொடை கேட்டது, கொடுத்தார்கள்.

இருண்ட பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தலையில் படும் அடிகள் பின்னாளில் மூளையைப் பாதிக்கும் அபாயம் இந்த ஆட்டத்தோடு கூடவே வருகிறது. 1905இல் ஆட்டக்களத்து மரணங்கள் பெருகியபோது அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டே பல்கலைக்கழகங்களைக் கூப்பிட்டுப் பேச வேண்டியிருந்தது. பந்தை முன்னோக்கி எறியலாம் என்ற விதி 1906இல் வந்ததே அதன் தொடர்ச்சியாகத்தான். பணமும் இன்னொரு சிக்கல். இந்த ஆட்டக்காரர்களால் பல்கலைக்கழகங்களுக்குப் பெரும் பணம் வந்துகொண்டிருந்தபோது, அவர்களுக்குக் கிடைத்தது உதவித்தொகை மட்டும். 2021 ஜூலையிலிருந்து தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்க அனுமதி கிடைத்தது. 2025இலிருந்து பல்கலைக்கழகங்களே நேரடியாகக் கொடுக்கலாம். இது நியாயமான மாற்றம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கூடவே வருஷாவருஷம் அணி மாறுவதும் எளிதாகிவிட்டதால், நான்கு வருஷம் ஒரு பையன் கண்முன்னே வளர்வதைப் பார்க்கும் சுகம் குறைந்துபோனது. தொலைக்காட்சிப் பணத்துக்காக லீகுகள் கலைந்து சேர்ந்ததில் கலிஃபோர்னியாவின் யு.எஸ்.சி.யும் நியூ ஜெர்சியின் ரட்கர்ஸும் இன்று ஒரே லீகில் இருக்கின்றன. பக்கத்து ஊர்ப் பகைதான் இந்த ஆட்டத்தின் சொத்து. அதை விற்பது எனக்கு வேதனையாகத்தான் இருக்கிறது.

பார்க்கத் தொடங்க நினைத்தால் ஒன்று செய்யுங்கள்: ஒரு அணியைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் பிள்ளையோ நண்பரோ படிக்கும் பல்கலைக்கழகம் இருந்தால் அதுவே. பொதுவாகப் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் அலுத்துவிடும்; ஒரு பக்கம் நின்று பார்த்தால் மூன்றாவது டவுன் ஒவ்வொன்றும் நெஞ்சை அடைக்கும். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் மதியம் 12 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் இந்தியாவில் சனிக்கிழமை இரவு 9:30க்கு வரும். நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு 10:30க்கு. நவம்பர் கடைசியில், அவர்களின் நன்றி நவிலும் நாளை ஒட்டிய சனிக்கிழமைதான் பகை ஆட்டங்களின் வாரம். மிச்சிகன்–ஒஹாயோ ஸ்டேட் பெரும்பாலும் அன்று மதியம்தான், நமக்கு நல்ல நேரம். அயர்ன் பௌல் அதற்குப் பிறகு வரும். அதற்குக் கண்விழிக்க வேண்டியிருக்கும், மறுநாள் ஞாயிற்றுக்கிழமைதானே.